அப்பாவின் முகத்துக்கு மதிப்பெண்

எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள்; 'பிரேக்கை மிதிங்க' என்பதை நாசூக்காகச் சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி சுவரில் போய்த்தான் நிற்கும். அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தவள். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. அப்பா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர். கத்தமாட்டார், ஆனால் வாய் சும்மா இருக்காது. "நீ சொல்லிக்கொடுக்கிற ஆளுங்களைத்தான் நான் அடுத்த மாசம் போய்ப் பாக்கறேன்" என்பார் என்னிடம், முகத்தில் ஒன்றும் அசையாமல்.

அதுதான் அப்பா. எல்லோரையும் சிரிக்க வைப்பார், தான் சிரிக்கமாட்டார். யாராவது நிஜமாகவே நல்ல நக்கல் அடித்துவிட்டால் தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கும். அந்தக் குலுக்கலுக்காக நாங்கள் போட்டி போடுவோம். இந்த மனுஷன் பல்லைப் பார்க்க வேண்டுமென்றால் பல் டாக்டராகத்தான் பிறக்க வேண்டும் என்பாள் அம்மா.

தம்பி டாக்டர்தான், ஆனால் பல்லுக்கு இல்லை, வலிக்கு. இந்த வீட்டில் தப்பிப் பிறந்தவன். அவன் ஒருத்தன்தான் மெதுவாகப் பேசுவான். உங்கள் பையன் எந்த உறுப்புக்கு டாக்டர் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் அம்மா விழிப்பாள். "வலிக்கு" என்பாள். "அது எல்லா டாக்டரும் பாக்கறதுதானே" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் என்னைக் கூப்பிடுவாள்.

பல நாடுகளில் வலியை ஆராய்கிறவர்கள், வலிக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள், அதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், பிசியோதெரபிஸ்ட்கள், எலியின் நரம்பைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் எல்லோரும் அதில் உண்டு. தம்பிக்கு அதில் உறுப்பினரான நாளிலிருந்து கால் தரையில் இல்லை. அப்பா அதற்கு 'ஐயோம்மா சங்கம்' என்று பெயர் வைத்தார். "என்னப்பா, உங்க ஐயோம்மா சங்கத்துல இந்த வருஷம் என்ன கண்டுபிடிச்சாங்க? இன்னும் வலிக்குதாமா?" என்று கேட்பார். தம்பிக்குக் கோபமே வராது. சங்கத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று உட்கார்ந்து விளக்குவான், பாவம்.

அதில் அவன் இருந்தது ஒரு சின்னக் குழுவில். வாயால் சொல்ல முடியாதவர்களின் வலியைக் கண்டுபிடிக்கிற குழு. பக்கவாதம் வந்தவர்கள், நினைவு தப்பியவர்கள், தொண்டையில் குழாய் வைத்துப் படுத்திருப்பவர்கள். "சொல்லத் தெரியாதவங்களுக்கு வலியே இல்லன்னு நெனச்சிடறாங்கக்கா. மருந்தே குடுக்காம விட்டுடறாங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. இவனைப்போய்க் கிண்டல் பண்ணுகிறோமே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்தக் குழு ஒரு அட்டவணை செய்துகொண்டிருந்தது. புருவம் இறங்குகிறதா, கண் இறுக மூடுகிறதா, மூக்கோரம் சுருங்குகிறதா, வாய் பிளக்கிறதா, முனகல் வருகிறதா என்று பார்த்து முகத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் ஏறினால் வலி அதிகம், மருந்து கொடு. வலி டாக்டரே இல்லாத இடங்களில் இருக்கும் நர்ஸ்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க நோயாளிகளின் முகங்களைச் சின்னச் சின்ன வீடியோப் படங்களாக எடுத்தார்கள். எந்த நாட்டு நர்ஸும் பார்க்கலாம், மொழி குறுக்கே வரக் கூடாது என்று படங்களில் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல யோசனை என்றுதான் எல்லோருக்கும் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் அப்பா குளியலறையில் விழுந்தார்.

வலது பக்கம் போய்விட்டது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறதா என்பதும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆமாம் என்றால் கண்ணைச் சிமிட்டுங்கள் என்றால் ஒருநாள் சிமிட்டுவார், இன்னொரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வலிக்கிறதா என்று அவரையே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கு செத்துப்போன தோளிலும் நரம்பிலும் கொடிய வலி வரும் என்று தம்பி சொன்னான். உண்மைதான், நிறையப் பேருக்கு வருமாம். அதனால் அவன் பயந்ததில் தப்பே இல்லை.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையிலேயே கட்டில் போட்டோம். சாயங்காலம் நாங்கள் எல்லோரும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் இருப்போம். அப்பாவிடம் பேசுகிற சாக்கில் நாங்கள் ஒருவரையொருவர் வாருவோம். பழகிப்போன வாய்கள், ஆள் படுத்துவிட்டார் என்பதற்காகச் சட்டென்று மூடிக்கொள்ளவில்லை. தம்பி அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தினான். அப்பாவின் முகமும் குழுவின் படங்களில் சேரட்டும், நாலு பேருக்கு உபயோகமாக இருக்கட்டும் என்றான். பகலில் ஆஸ்பத்திரி வேலை, பிறகு வந்து, குழுவின் வழக்கப்படி சத்தமில்லாமல் படத்தைப் போட்டு மதிப்பெண் போடுவான்.

ஒருநாள் அம்மா அப்பாவுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே, வழக்கமான மில் குரலில் ஆரம்பித்தாள். "வாய மூடுங்க, வாய மூடுங்கன்னு கல்யாணமான நாள்லேர்ந்து தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அப்பல்லாம் காதுலயே போட்டுக்காம, இப்ப வந்து ஒரேயடியா கேட்டுத் தொலைச்சிட்டீங்களே!"

அப்பாவின் முகம் அப்படியே நொறுங்கியது. கண் இறுகி, வாய் ஒரு பக்கமாகப் பிளந்து, அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏதோ கனமான சாமானைத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. அம்மா துண்டைக் கீழே போட்டுவிட்டாள்.

தம்பி வந்து படத்தைப் பார்த்தான். "கடுமையான வலி" என்றான். முந்தைய நாட்களின் படங்களையும் மறுபடி ஓட்டினான். அந்த மாதிரி முகம் வந்ததெல்லாம் சாயங்காலத்தில், நாங்கள் கூடியிருக்கும்போது மட்டும்.

"நான் பேசினப்பதானேடா?" என்று அம்மா கேட்டாள்.

"உன் பேச்சுன்னு இல்லம்மா. நரம்பு அடிபட்டவங்களுக்கு சத்தம், கூட்டம் எல்லாமே வலியைக் கூட்டும். கொஞ்சம் அமைதியா இருந்தா போதும்."

ஆறுதலாகத்தான் சொன்னான். அம்மாவுக்கு முதல் பாதி காதில் ஏறவில்லை. தான் சொன்ன சொல் புருஷனைக் குத்திவிட்டது, படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரைப் போய் நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டோம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலத்துக்கு முன்னால் மருந்து. அன்றிலிருந்தே வீட்டில் அமைதி. யாராவது குரலை உயர்த்தினால் நான்தான் முதல் ஆளாக 'உஷ்' என்பேன். டிவியை நிறுத்தினோம். கதவு கிறீச்சிடாமல் எண்ணெய் விட்டேன். அம்மா கட்டிலருகே நாற்காலி போட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வாய்விட்டுப் பேசினால் அவருக்கு வலிக்குமே. அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. புருவம் இறங்கவில்லை, கண் இறுகவில்லை. மருந்தின் தூக்கக் கலக்கத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மதிப்பெண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு வலி போயிடுச்சுக்கா" என்றபோது நானும் அழுதேன்.

அப்படியே சில வாரங்கள் இருந்தார். பிறகு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து போய்ச்சேர்ந்தார். மருந்தால் ஒன்றும் இல்லை. அந்தப் பழியை யாரும் யார்மீதும் போடவில்லை. வலியில்லாமல் போனார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னோம். அதைச் சொல்லும்போது தம்பியைக் காட்டித்தான் சொல்வோம்.

அதற்குப் பிறகு அம்மா மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். கடையில் பாக்கியைக் கேட்டால்கூடக் கடைக்காரர் "என்னம்மா?" என்று குனிய வேண்டியிருந்தது. எனக்கு அது தாங்கவே இல்லை. திட்டும்மா, வேண்டுமென்றால் என்னையாவது திட்டு என்று வம்புக்கு இழுப்பேன். "என் வாய்தான் ஒரு தடவை பேசிக் கெட்டுப்போச்சே" என்பாள்.

தம்பியின் குழுவில் வேற்று நாட்டுப் பேராசிரியை ஒருத்தர் இருந்தார். அப்பாவின் படங்களைப் பார்த்துவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இவருக்கு ஏன் சாயங்காலம் மட்டும் வலிக்கிறது? கை காலைப் புரட்டும்போதெல்லாம் முகம் சும்மா இருக்கிறதே? அந்த நேரத்தில் அறையில் என்ன நடக்கிறது? ஒரிஜினல் படத்தில் சத்தம் இருந்தால், பேச்சை மொழிபெயர்த்து அனுப்ப முடியுமா?

கை காலைப் புரட்டும்போது சும்மா இருக்கிறது என்பது தம்பிக்குத் தெரியாததல்ல. அவனே எழுதி வைத்ததுதான். பார்த்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டான். "அக்கா, நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசறீங்க. யார் என்ன சொல்றாங்கன்னு எனக்கே புரியல. கொஞ்சம் வந்து சொல்லு, நான் எழுதிக்கறேன்." அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா செத்த பிறகு அந்த முகம் அசைவதை நான் பார்க்கிறது அதுதான் முதல் தடவை. முதல் படம் ஓடும்போது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கண்தான் மங்கியது.

மறுபடி போட்டான். படத்தில் நான் அப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தேன். "அப்பா, இன்னிக்கு நம்ம ஆள் ஒருத்தர் லைசன்ஸ் டெஸ்ட்ல, டெஸ்ட் எடுக்கற ஆபீசரை ஏத்திக்காமலே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. தனியா போனதால நல்லா ஓட்டினாராம்!"

எனக்கு என்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தால், அப்பாவின் கண் இறுகி, வாய் பிளக்கிறது. நான் சிரித்த அதே இடத்தில்.

தம்பி அடுத்த படத்தைப் போட்டான். படம் ஒரு பக்கமாகச் சரிகிறது; என் கை வந்து கேமரா ஸ்டாண்டைப் பிடித்து நிமிர்த்துகிறது. "உலகத்துக்கே வலிய அளக்கறவன், ஒரு ஸ்டாண்டை நேரா நிறுத்தத் தெரியல பாருங்க" என்கிறேன் நான். நான் சொல்லி முடித்ததும் அப்பாவிடமிருந்து அந்தச் சத்தம். அதற்கடுத்த படம். அதற்கடுத்ததும். ஒன்றில்கூடப் பேச்சின் நடுவில் முகம் மாறவில்லை. கிண்டல் முடிகிற இடத்தில், மனுஷர்கள் சிரிக்கிற இடத்தில்தான் மாறியது.

"அக்கா." "அப்பா சிரிக்கிறாருக்கா."

வாழ்நாளெல்லாம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. அடக்குகிற நரம்பு அறுந்துபோனதும், பாதி முகத்தில், கோணல் மாணலாக வெளியே வந்திருக்கிறது. நாங்கள் யாரும் அதற்கு முன்னால் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்தபோது இன்னதென்று தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தட்டினேன். "நீதானேடா சொன்ன வலின்னு! மருந்து குடுத்ததும் போயிடுச்சுன்னு நீதானே சொன்ன!"

"மருந்தையும் ஆரம்பிச்சேன், உங்க பேச்சையும் நிறுத்தினேன். ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சேன். எதனால நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்? முதல் வருஷம் படிக்கிற பசங்க செஞ்சா, ஒண்ணொண்ணா மாத்தித்தான் பாக்கணும்னு திட்டுவேன்." முகத்தை மூடிக்கொண்டான். "வலி எங்க, வலி எங்கன்னு தேடித் தேடி, அது மட்டும்தான் கண்ணுல பட்டுச்சுக்கா. சிரிப்புக்கு அதுல ஒரு கட்டமே வைக்கலயே."

அதற்குமேல் அவனை என்ன திட்டுவது? 'உஷ்' என்றவள் நான்தான். வருஷக்கணக்கில் அப்பாவின் தோள் குலுங்காதா என்று ஏங்கிய வீடு, அவர் வாய்விட்டுச் சிரித்தபோது வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

குழுவின் படங்களிலிருந்து அப்பாவின் படங்களைக் கமுக்கமாக நீக்கிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தம்பி ஒருநாள் முழுக்க யோசித்தான். மறுநாள் அவனே போன் பண்ணினான். சங்கத்தின் பெரிய மாநாடு வருகிறது, அதில் இதைச் சொல்லத்தான் போகிறேன் என்றான். "இந்த அட்டவணைய வச்சு எத்தனை நாட்டுல எத்தனை பேர் மருந்து குடுக்கப்போறாங்க. அவங்க வீட்லயும் யாராவது சிரிப்பாங்கல்ல?" அம்மா பேசுகிற படத்தைத்தான் போட வேண்டும், அதில்தான் தெளிவாகத் தெரிகிறது என்றான். அதற்கு அம்மாவிடம் கேட்க வேண்டுமே.

கேட்டான். "அம்மா, உன் குரல் வரும், பரவால்லையா?" என்றிருக்கிறான். ஏன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா சொல்வாள் என்று என் தலையில் கட்டிவிட்டான். நான் மாநாட்டிலிருந்து வந்து அவனே சொல்லட்டும் என்று தள்ளிப்போட்டேன். சொன்னால் அவள் மனதில் இருக்கிற முள் போய்விடும். ஆனால் அதைப் பிடுங்கும்போது கூடவே என்ன வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பயம்.

தம்பி எங்கே பேசினாலும் அம்மா பார்ப்பாள். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு என் வீட்டு டிவிக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவாள். மாநாட்டை நேரடியாக ஒளிபரப்பினார்கள். பெரிய மண்டபம், வரிசை வரிசையாகப் பல நிறத்து மனுஷர்கள். நடுவில் தம்பி, கோட்டு தொளதொளவென்று. "இளைச்சுட்டான்" என்றாள் அம்மா.

முதலில் சத்தமில்லாமல் அப்பாவின் முகத்தைப் போட்டான். மண்டபத்தில் எல்லோரிடமும் அட்டைகள் இருந்தன. வலி இல்லை என்றால் பச்சை, கடுமையான வலி என்றால் சிவப்பு. அப்பாவின் வாய் பிளந்து நின்றதும் மண்டபம் முழுக்கச் சிவப்பு. அம்மா என் கையைப் பிடித்தாள். "நான் பேசினதுதானே இது? இத ஏன்டி எல்லாருக்கும் காட்டறான்?" என்றாள். 'இரும்மா, பாரு' என்றேன்.

பிறகு சத்தத்தோடு போட்டான். அம்மாவின் பழைய மில் குரல் அந்த மண்டபத்தில் கணீரென்று கேட்டது. வாய மூடுங்க, வாய மூடுங்கன்னு. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. அம்மா சொல்லி முடித்ததும் திரையில் அப்பாவின் முகம் நொறுங்கியது. அதே நொடியில் மண்டபமே சிரித்தது. அத்தனை டாக்டர்களும் நர்ஸ்களும், எந்தெந்தத் தேசத்திலிருந்தோ வந்தவர்கள், அப்பாவோடு சேர்ந்து சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு நின்றது. புரிந்துவிட்டது. சிலர் இன்னும் தூக்கிப் பிடித்திருந்த சிவப்பு அட்டையை மெதுவாக மடியில் வைத்தார்கள்.

"எதுக்குடி சிரிச்சாங்க?" என்றாள் அம்மா.

"நீ சொன்னதுக்குத்தாம்மா."

அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்பாவின் முகம் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"அப்ப அவரு..."

"ஆமாம்மா. அப்பாவும் அதுக்குத்தான் சிரிச்சாரு. வலி இல்லம்மா. நீ பேசினது அவருக்கு வலிக்கவே இல்ல. தினமும் சிரிச்சிருக்காரு. நமக்குத்தான் தெரியல."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். முள் போய்விட்டது, இனி பழையபடி கத்துவாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, எழுந்துபோய், டிவியின் கண்ணாடியில் அப்பாவின் கோணின வாயை விரலால் தொட்டாள்.

"இன்னும் எவ்வளவோ சொல்லலாம்னு வச்சிருந்தேனேடி" என்றாள். "வாய மூடிக்கிட்டே உட்கார்ந்து அனுப்பிட்டேனே."